மூன்றாவது மாப்பிள்ளையும் நாற்பத்திரண்டாம் வரியும்

“இந்த மாப்பிள்ளையையும் மெசின் வேணாங்குதா தம்பி?” என்று கேட்டார் சிவசாமி.

அழகன் திரையைப் பார்த்தான். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் நாற்பத்திரண்டாம் வரியில் நின்றுபோயிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக மூன்று மாப்பிள்ளைகள். மூவருக்கும் அதே நாற்பத்திரண்டு.

சிவசாமி தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர். மகள் பூரணிக்கு வரன் பார்க்கிறார். பூரணி வேலை பார்ப்பதும் இதே இடத்தில்தான். ஹட்டன் டவுனில் மஃறூப் முதலாளியின் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கொம்பியூட்டர் சென்டரில், அழகனுக்குப் பக்கத்து மேசை. வருகிறவர்களின் விவரங்களை மெசினில் தட்டுவது அவள் வேலை. புரோகிராமை எழுதியவன் அழகன். பூரணியிடம் ஒரே ஒரு விஷயம் சொல்வதற்காக எட்டு மாதமாக வாயைத் திறந்து, திறந்த வாயால் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு மூடிக்கொள்பவனும் அவன்தான்.

அவன் புரோகிராம் எழுதிய பெர்ல் மொழி ரொம்பவும் தங்கமான குணம் கொண்டது. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் சண்டை போடாது. வந்த எழுத்தையும் சேர்த்து, ‘இது எண் இல்லையே’ என்று ஓர் எச்சரிக்கையை, யாரும் திறக்காத ஒரு ஃபைலில் முனகி வைத்துவிட்டு, அந்த இடத்தில் பூச்சியம் போட்டுக்கொண்டு மேலே போய்விடும். தோட்டத்து ஆட்களோ பிறந்த நேரத்தை மணிக்கணக்கில் வைத்திருப்பதில்லை. காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்குத் தப்படித்த நேரம், பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்த நேரம் என்றுதான் சொல்வார்கள். பூரணி அதை அப்படியே தட்டுவாள். மெசின் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே அழகனின் புண்ணியத்தில் மலைநாட்டில் பாதிப்பேர் நடுச்சாமம் பன்னிரண்டு மணிக்குப் பிறந்தவர்களாகியிருந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் பூரணி.

“எச்சரிக்க வந்தாலே மெசின் நின்னுறணும் சேர். நின்னாத்தான் மனுசங்க என்னான்னு பாப்பாங்க.”

நியாயம்தான் என்று அழகன் புரோகிராமின் தலையில் ஒரு வரி சேர்த்தான். அன்றிலிருந்து சின்ன முனகல் வந்தாலும் அது அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

அந்த வாரமே சிவசாமி முதல் மாப்பிள்ளையின் குறிப்போடு வந்தார். பெண்ணின் விவரம் ஏற்கெனவே மெசினில் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் சோதனைக்காகப் பூரணியே தன்னுடையதைத் தட்டி வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு ஊர் வட்டவளை, பிறந்தது பெரட்டு நேரம். மெசின் நின்றது. சரியான நேரம் கேட்டுவரச் சொன்னான் அழகன். சிவசாமி அதைச் சகுனத்தடை என்று எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையையே விட்டுவிட்டார். இரண்டாவது பொகவந்தலாவை, கொழுந்து நிறுத்த நேரம். கொழுந்து ஒரு நாளைக்கு மூன்று தரம் நிறுப்பார்கள். எந்தத் தரம் என்று அந்தத் தாய்க்கே நினைவில்லை. அதுவும் போயிற்று. தான் சேர்த்த வரிக்கு ஒரு கற்பூரம் காட்டலாமா என்று அழகன் யோசித்தான்.

இன்று வந்தது ராகலை மாப்பிள்ளை. பள்ளிக்கூட வாத்தியார்.

“ஆஸ்பத்திரியில பொறந்த பையன் தம்பி. ஏழு பன்னண்டுன்னு நர்சம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க. இதுல என்னா கொற?”

ஏழு பன்னிரண்டு எந்த மொழியிலும் எண்தான். மெசினுக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் வாத்தியாரும் போய்விடுவார். அழகன் பூரணியைப் பார்த்தான். அவள் நகத்தைக் கடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், வாத்தியாரைப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, நம்மால் தடைப்படுகிறது என்று அவனாகவே முடிவுசெய்துகொண்டான். இந்த மாதிரி முடிவுகளுக்கு வருவதில் அவன் பெரிய கெட்டிக்காரன்.

“மாப்பிள்ள மேல கொற இல்லீங்க,” என்றான். “நான் சேத்த ஒரு வரிதான் நிப்பாட்டுது. அத அழிச்சிட்டா பொருத்தம் வந்துரும்.”

“அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தரம் படிச்சுப் பாக்கலாம்,” என்று பூரணி கீபோர்டைப் பார்த்துச் சொன்னாள்.

“படிக்க என்ன இருக்கு? நாப்பத்திரண்டுன்னுதான் போட்டிருக்கு.”

பிழைச் செய்தியில் வரி எண்ணைத் தவிர வேறெதையும் அவன் வாழ்நாளில் படித்ததில்லை. அழிக்கும் விசையில் விரலை வைத்தான். ராகலைக்குப் போகும் பஸ்ஸில் கல்யாணப் புடவையோடு பூரணி ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

“இருங்க தம்பி.” சிவசாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு முன் குனிந்தார். முப்பது வருடமாக ரோட்டோர இங்கிலீசுப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தே லொறி ஓட்டியவர். “எழுத்துதான் இங்கிலீசு. நடுவுல இருக்கிறது தமிழால்ல இருக்கு.”

விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

“அழகன்... சேர்... பொண்ணு... கேட்டு... வந்தா... சொல்றேன்.”

நாற்பத்திரண்டாம் வரி, பெண் பிறந்த நேரத்தைப் படிக்கும் வரி என்பது அழகனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“பொறந்த நேரத்துக்குப் பதிலா இதத் தட்டிவச்சு, எட்டு மாசமா எச்சரிக்க ஃபைல்ல சொல்லிக்கிட்டிருக்கேன் அப்பா,” என்றாள் பூரணி. “சேர் அதத் தெறக்கவே இல்ல. அதுனாலதான் மெசின நிப்பாட்டச் சொன்னேன்.”

சிவசாமி ராகலை வாத்தியாரின் குறிப்பை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“மக பொறந்த நேரத்த நான் சொல்றேன். மொதல்ல ஒங்க நேரத்தச் சொல்லுங்க தம்பி. நம்பராச் சொல்லுங்க.”