அரக்குக் கலர்

ஹேமநாத்தின் சாயப்பட்டறைக் கழிவு மண்ணுக்குள் இறங்கி, பின்தெரு அடிபம்பில் தண்ணீர் லேசான அரக்கு நிறத்தில் வந்தது. அதைக் குடித்த பிள்ளைகள் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்கள் வாந்தி எடுத்த வீடியோ ஆரணி முழுக்கச் சுற்றியது.

அவருடைய பட்டுக்கடையின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள் ஜாய்ஸ். அவளைக் கூப்பிட்டார்.

"நாமளும் ஒரு வீடியோ போட்டுடலாம்மா. பம்பாண்ட நின்னுகினு அந்தத் தண்ணிய நானே குடிக்கிறேன். கிளாஸ்ல மட்டும் கேன் தண்ணி ஊத்திடு."

அவள் கேன் தண்ணீரை ஊற்றினாள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கேமராவைப் பார்த்துக் கல்யாண வீட்டுச் சிரிப்பு சிரித்தார். அவள் வீடியோவைப் பக்கத்தில் போட்டாள்.

போட்டபிறகு பார்த்தால், வீடியோவில் கண்ணாடிக் கிளாசில் இருந்தது அடர்ந்த அரக்குத் தண்ணீர். அதைத்தான் அவர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஜாய்ஸ் அவர் அறைக்கு ஓடினாள். "சார், நான் கேன் தண்ணிதாங்க ஊத்தினேன். வீடியோவ எடுத்துடலாங்க."

ஹேமநாத் கமெண்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. 'செம கலர்', 'இந்தக் கலர்ல புடவை இருக்கா?', 'கூரியர் உண்டா?' என்று வரிசையாக விழுந்துகொண்டிருந்தன.

"எதுக்கும்மா எடுக்கணும்?" என்று நிமிர்ந்தார். பல்லெல்லாம் அரக்கு. கடைவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"மயில்கழுத்துக் கலரும் கேக்கறாங்க. ஜல்தியா அந்தக் கிளாஸ எடுத்துகினு வா."