அவிழ்த்த மணி

ராசிபுரத்து வண்டிக் கம்பெனிக் களத்தில் காலை வெயில் புது லாரியின் மூக்கில் பட்டுக் கண் கூசுகிறது. லாரி வந்ததால் பன்னிரண்டு வண்டிக்காரரில் எட்டுப் பேருக்கு இன்றோடு வேலை இல்லை. பேர் வாசித்ததும் மாட்டுக் கழுத்திலிருக்கும் கம்பெனி மணியை அவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டும். ஏழு ஜோடி மணி சாக்கின் மேல் கிடக்கிறது. கிழவன் செங்கோடன் யாரையும் நம்பாதவன். பேர் வருமுன்னே அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டு நிற்கிறான். மாடுகள் தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்கின்றன, சத்தம் வரவில்லை. குமாஸ்தா முனீர் எட்டாவது பேரை வாசிக்கிறார். அது குழந்தைவேல். வாசித்துவிட்டுச் செங்கோடன் பக்கம் திரும்புகிறார்.

"ஏனுங்க செங்கோடண்ணே, உங்களை யாரு அவுக்கச் சொன்னது? நாமகிரிப்பேட்டை ஆத்து மணல்ல லாரி புதையுதுங்க. அந்தத் தடம் உங்களுதுதான்."

"இருக்கிற நாலு பேரைக் காயிதத்துல பாத்துப் படிங்க சாயபு. வாய்ச்சொல்லுக்கு நான் மணி கட்ட மாட்டேன்."

முனீர் படிக்கிறார். செங்கோடன் பேர் முதலில் வருகிறது.  மடியிலிருந்து மணியை எடுத்துக் கட்டப் போகிறான். தன் மணியைக் கொடுத்துவிட்டு வந்த குழந்தைவேல் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொள்கிறான்.

"இனிமேலாச்சும் கேக்காம அவுக்காதீங்க மாமா."

செங்கோடன் முடிச்சின் மேல் முடிச்சாகப் போடுகிறான். மாடு தலையை ஆட்டுகிறது. களம் முழுக்கக் கேட்கிறது.