ராஜா வேஷம் கேட்டவர்

“‘இவர்களைக் கழுவில் ஏற்றுங்கள்!’ இவ்வளவுதானே டயலாக்? அது ஏன் வாய்ல வர மாட்டேங்குது இளவரசன்?”

இயக்குநர் சுமலதாவுக்குப் பொறுமை போய்விட்டது. செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில் போட்டிருந்த நாடக மேடையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. படப்பிடிப்பு அனுமதி இன்றோடு முடிகிறது.

படத்தின் கதை கொஞ்சம் வில்லங்கமானது. வாதத்தில் தோற்ற சமணத் துறவிகளைக் கழுவேற்றச் சொல்லும் ராஜாவின் கதையை ஒரு குழு நாடகமாகப் போடுகிறது. ஊர் இரண்டுபடுகிறது.

படத்தில் மட்டுமா? காலையிலேயே இன்ஸ்பெக்டர் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

“பக்கத்துல மேல்சித்தாமூர்ல சமணக் குடும்பங்க இருக்குது மேடம். அவங்கள்ல ஒருத்தர் ‘மனசு நோவுது’ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், ஷூட்டிங்க நிறுத்திடுவேன்.”

நல்லவேளை, இதுவரை யாரும் வரவில்லை. இப்போது ராஜாவே காலை வாரினால் என்ன செய்வது?

இளவரசன் செஞ்சி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். உள்ளூர் நாடகங்களில் நடிப்பார். துறவி வேஷம் தருகிறேன் என்றபோது, “ராஜா வேஷந்தான் வோணும் மேடம்” என்று ஒற்றைக்காலில் நின்றார். பெரிய வேஷத்தின் மேல் ஆசை என்றுதான் அவள் நினைத்தாள்.

“இன்னா பண்றது மேடம், எதிர்ல உக்காந்திருக்கவங்க மூஞ்சியப் பாத்தா வார்த்த வரல.”

“அவங்க மொட்டை போட்ட துணை நடிகருங்க சார்! பேக்கப் சொன்னா பஸ் ஏறிடுவாங்க.”

“அந்த ராஜாவும் இப்டி மூஞ்சியப் பாத்துத்தானே சொல்லியிருப்பான்? எப்டி மேடம் மனசு வந்துது அவனுக்கு?”

இளவரசன் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். இந்த முறை வார்த்தை வந்தது. குரல் கணீரென்றுதான் இருந்தது, கண்கள்தான் கலங்கியிருந்தன. கொஞ்சம் தாமதித்தே சுமலதா ‘கட்’ சொன்னாள்.

மலைக்குப் பின்னால் சூரியன் மறைந்திருந்தது. படம் தப்பித்தது. கடிந்துகொண்டது மனதை உறுத்த, அவளே ஒரு தட்டில் சாம்பார் சாதம் எடுத்து வந்தாள்.

“மத்தியானமும் சாப்பிடல நீங்க. இதையாவது சாப்பிடுங்க.”

இளவரசன் மேற்கே ஒரு முறை பார்த்துவிட்டுத் தட்டை மெல்லத் தள்ளினார்.

“பொழுது போயிட்டுது மேடம். மேல்சித்தாமூர்ல எங்க வூட்ல இதுக்கு மேல யாரும் சாப்பிட மாட்டோம்.”