சத்தம் போடாத ஃபிளாஸ்க்

"வந்துட்டாங்க உன் தலைவலி" என்றாள் கல்லாவில் இருந்த என் மனைவி மாய்லிஸ்.

நிமிர்ந்து பார்த்தேன். இங்காலில்ங்கிற அந்தம்மாதான். கையில முந்தாநாள் என்கிட்ட வாங்கிட்டுப் போன சாப்பாட்டு ஃபிளாஸ்க். ஒரே வாரத்துல மூணாவது தடவை.

திங்கக்கிழமை கடமான் வேட்டை ஆரம்பம். ஸ்வீடன்ல எங்க யாம்ட்லாண்ட் பக்கம் அந்த வாரம் பள்ளிக்கூட வாத்தியார்லேர்ந்து பல் டாக்டர் வரைக்கும் லீவு போட்டுட்டுக் காட்டுக்குள்ள பரண்ல ஏறி உக்காந்துடுவாங்க. எங்க வேட்டைச் சாமான் கடையில நிக்க இடமில்ல. இந்த நேரத்துல இவங்க வேற.

"சூடு நிக்கலையா?"

"நின்னுச்சு."

"ஒழுகுதா?"

"இல்ல."

"அப்புறம் என்னதான் குறை?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. "வேற பாக்கலாமா?"

எனக்குச் சுர்ருனு ஏறுச்சு. முதல்ல குடுத்தது பன்னெண்டு மணி நேரம் சூடு தாங்கும். திருப்பிட்டாங்க. ரெண்டாவது அதைவிட உசத்தி. அதுவும் வேண்டாமாம். கழுவித் துடைச்சுப் பளபளன்னுதான் கொண்டு வர்றாங்க, அதுல குத்தம் சொல்ல முடியாது. இருந்தாலும் ஒருத்தர் சாப்பிட்டுப் பாத்த டப்பாவை நான் யார் தலையில கட்டறது?

அவங்க அலமாரிகிட்டப் போய் ஒவ்வொரு ஃபிளாஸ்க்கா எடுத்தாங்க. எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்குக் காணும், எதையும் படிக்கல. காதோரம் வச்சு மூடியைத் திருகித் திறந்தாங்க. மூடினாங்க. அடுத்ததை எடுத்தாங்க.

"என்ன, ரேடியோ வாங்க வந்திருக்காங்களா?" வரிசையில நின்ன டூர்வால்ட் கேட்டான். "பாட்டு வருதா இங்காலில்?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்.

காதுல வச்சுப் பாக்கறது எங்க ஊருக்குப் புதுசில்ல. மணிக்கணக்காப் பரண்ல காத்துக் கிடந்து, கடமான் கிட்ட வர்றப்ப மூடி டப்புனு கத்திடுச்சுன்னா அன்னிக்குப் பொழப்பு போச்சு. அதனால வேட்டைக்காரங்க சத்தம் வராத ஃபிளாஸ்க்காத் தேடித்தான் வாங்குவாங்க. இங்காலிலுக்கும் இருக்கறதுலயே அமைதியானதாப் பாத்துத்தான் ரெண்டு தடவையும் எடுத்துக் குடுத்தேன். இதுக்கு மேல என்ன செய்ய?

"உங்க பையன் ஹாம்புஸுக்குத்தானே?" என்றேன்.

"ஆமா. இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா என்னால தாங்க முடியாது, சிக்ஸ்டன்."

"ஒரு சோத்து டப்பாவுக்கா இந்தப் பாடு" என்று மாய்லிஸ் முணுமுணுத்தாள்.

டூர்வால்ட் விடல. "வேணும்னா அவனே வந்து வாங்க வேண்டியதுதானே? இருபத்திரெண்டு வயசுப் பயலுக்கு அம்மா சூப் கட்டிக் குடுக்கணுமாக்கும். செல்லம் குடுத்தே கெடுத்தாச்சு."

இங்காலில் காதுல விழாத மாதிரி நின்னாங்க. கடைசியா ஒண்ணை எடுத்து என்கிட்ட நீட்டினாங்க.

"ஒரு உதவி. இதை எடுத்துக்கிட்டுப் பின்னால குடோனுக்குள்ள போய், கதவைச் சாத்திக்கிட்டுத் திறங்க. நான் இங்கேர்ந்து கேக்கறேன்."

"பத்துப் பேர் நிக்கறாங்க, இங்காலில்."

"ஒரே ஒரு தடவை."

பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனேன். கதவைச் சாத்தி, மூடியைத் திறந்து மூடிட்டு வெளிய வந்தேன்.

"கேட்டுச்சா?"

"இல்ல."

"எப்படிக் கேக்கும்? கடமான் பக்கத்துல வந்து நின்னாலும் கேக்காது. இதைவிட அமைதியானது ஸ்வீடன்லயே கிடையாது" என்றேன் பெருமையா.

அவங்க கண்ணு கலங்கிடுச்சு.

"எனக்குக் கேக்கணும், சிக்ஸ்டன்."

"என்னது?"

"ஹாம்புஸ் வேட்டைக்கெல்லாம் போகல. மாடி ரூமைப் பூட்டிக்கிட்டு உக்காந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. டாக்டர் வந்து கூப்பிட்டாலும் திறக்கறதில்ல. என்கிட்டயும் ஒரு வார்த்தை பேசறதில்ல. காலையில சூடா எதையாவது போட்டுக் கதவுக்கு வெளிய வச்சுட்டு வருவேன். நான் படியிறங்கினப்புறம் எடுத்துக்குவான். எப்பச் சாப்பிடுவான்னு தெரியாது. நான் கீழ சமையலறையில உக்காந்திருப்பேன். பழைய ஃபிளாஸ்க்கைத் திறந்தா கீழ வரைக்கும் கேக்கும். போன வாரம் அது உடைஞ்சுடுச்சு."



"கதவைத் தட்டிக் கேக்கலாமே" என்றாள் மாய்லிஸ். குரலே மாறிப் போயிருந்தது.

"தட்டினேனே. முதல்ல வாங்கின ஃபிளாஸ்க்ல சத்தமே வரல. சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். தட்டினேன், கத்தினேன். பதிலே இல்ல. பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வந்து கதவை உடைச்சேன். நல்லாச் சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் உக்காந்திருந்தான். இன்னொரு தடவை கதவுகிட்ட வந்தா சாப்பாட்டையே தொடமாட்டேன்னு அன்னிக்கு ராத்திரி சீட்டு எழுதி வச்சுட்டான். இனிமே தட்டவும் வழியில்ல."

டூர்வால்ட் தரையைப் பாத்துக்கிட்டு நின்னான். கையில இருந்த அந்த ஊமை டப்பாவை எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

"சூடு தாங்காட்டியும் பரவாயில்ல. உங்க வேட்டைக்காரங்க வேண்டாம்னு தள்ளினது ஏதாவது இருந்தாக் குடுங்க" என்றார் இங்காலில். "டப்புனு அந்தச் சத்தம் மேலேர்ந்து கேட்டாத்தான், எம்புள்ள இன்னிக்கும் உயிரோட இருக்கான்னு எனக்குத் தெரியும்."