எட்டு டிகிரி

“மறுபடியும் சூடாயிடுச்சு தம்பி. நீங்க சொன்ன மாதிரியே ‘வெளியூர்’னு போட்டேன். அரை மணி நேரம்கூட நிக்கலை.”

அதே அம்மா. காலையிலிருந்து மூன்றாவது முறை. வீட்டு ஹீட்டரைத் தானாக ஏற்றி இறக்கும் தெர்மோஸ்டாட் கம்பெனியில், வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்வது அவன் வேலை. ஒன்பது வருஷமாகக் கண்டவர்களிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ‘பொறுமைசாலி’ என்று அலுவலகத்தில் பட்டம் வேறு வாங்கியிருந்தான். இன்று அந்தப் பட்டம் தப்பிப்பது கஷ்டம் போலிருந்தது.

அந்த வீட்டுக் கருவியைத் திரையில் திறந்து பார்த்தான். எட்டு டிகிரி, இருபத்தொன்று, எட்டு, மறுபடி இருபத்தொன்று என்று காலையிலிருந்து ஏறி இறங்கியிருந்தது.

“அம்மா, ஹால் சுவர்ல மாட்டியிருக்கே, அதுக்கு ஒரு கண்ணு உண்டு. ஆள் நடமாட்டம் தெரிஞ்சா, ஊர்லேருந்து வந்துட்டீங்கன்னு நெனச்சு சூடு ஏத்திடும். நீங்க கிளம்பிட்டா தானா எட்டுலயே நிக்கும். கவலைப்படாம போயிட்டு வாங்க.”

“நான் எங்கே போறது? பனி கொட்டி ரோடே மூடிக் கிடக்கு. தொறக்க மூணு நாளாகுமாம்.”

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டா எட்டு டிகிரி கேக்கறீங்க?”

“ஆமா. ஜன்னலைத் தொறக்கலாம்னா உறைஞ்சுபோய் அசைய மாட்டேங்குது. ஹீட்டரை மொத்தமா அணைச்சா குழாய் வெடிச்சிடும்னு அவர் சொல்லுவார். அந்தக் கண்ணை மட்டும் எப்படியாவது மூடிக் குடுங்க தம்பி.”

மூடுவது ஒரு நிமிஷ வேலை. இங்கிருந்தே செய்துவிடலாம். ஆனால் விரல் போகவில்லை. போன குளிர்காலத்தில் ஒரு பெரியவர் இப்படித்தான் தன்மையாகப் பேசி, பக்கத்து இருக்கைக்காரியிடம் ஹீட்டரை அணைக்கச் சொன்னார். உயிரை விடத்தான் கேட்டார் என்பது மறுநாள் தெரிந்தது. அவள் அன்றோடு வேலையை விட்டுவிட்டாள்.

“வீட்ல வேற யாரும்மா இருக்கா?”

“உள் ரூம்ல அவர் இருக்கார்.”

அப்பாடா என்றிருந்தது. “போனை ஐயாகிட்ட குடுங்க.”

“வேண்டாம் தம்பி, என்கிட்டயே சொல்லுங்க.”

“மறைக்காம சொல்லுங்கம்மா. ரெண்டு பேரும் ஏதாவது தப்பான முடிவுக்கு வந்துட்டீங்களா?”

“சேச்சே, அதெல்லாம் இல்லை. நான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கேன். வெந்நீர் வெச்சுக் குடிச்சுக்கறேன். ரோடு தொறந்ததும் பையன் வர்றான். அதுவரைக்கும் நான் திடமா இருக்கணும்.”

சாகத் துணிந்தவள் பேசுகிற பேச்சு இல்லை இது. பயம் இறங்கிய வேகத்தில் அவனுக்குக் கோபம் ஏறியது. வயதான மனுஷரை உள்ளே போட்டு வதைத்துக்கொண்டு, என்ன பிடிவாதம் இது!

“நீங்க ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டீங்க, சரி. அவர் என்ன பாவம் பண்ணினார்? உங்க வீம்புக்கு அந்த மனுஷன் எதுக்கு நடுங்கணும்? காரணம் தெரியாம நான் இதுல கை வைக்க மாட்டேன்.”

ஒன்பது வருஷத்தில் வாடிக்கையாளர் ஒருவரிடம் அவன் குரல் உயர்ந்தது இதுதான் முதல் தடவை. பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னாள்.

“விடியக்காலையிலேயே அவர் மூச்சு அடங்கிடுச்சு தம்பி. பையன் வந்து அப்பா முகத்தைப் பாக்கற வரைக்கும் உடம்பு தாங்கணுமே.”