குடிலைச் சுற்றிய கூட்ஸ் வண்டி

ஆனி ரோஸ் சுவிட்சைத் தட்டியதும் ரயில் கிளம்பியது.

கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம். ரயில் துவாலை மலைக்குள் நுழைந்து, மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் மறைந்து, ஷூ டப்பாவில் செய்த அரியலூர் ஸ்டேஷன் பக்கம் வெளியே வந்தது. "கூ" என்று கூவவும் செய்தது. பக்கத்து வீட்டு ஜெயசுதா கைதட்டினாள்.

ஆனி ரோஸுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் பாடு அல்லவா!

கையில் இருந்த காசில் முக்கால்வாசியைப் பொம்மை ரயிலே விழுங்கிவிட்டது. மீதியெல்லாம் வீட்டில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்தான். பழைய துவாலையைச் சிமெண்டுப் பாலில் நனைத்துக் கவிழ்த்துக் காயவைத்தால் மலை. அரியலூரில் இருந்துகொண்டு சிமெண்டைக் காசு கொடுத்து வாங்கினால் ஊர் சிரிக்கும். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு சொம்பு கேட்டு வாங்கி வந்தாள்.

ரயிலோடு வந்த பயணிகள் பெட்டிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, சக்கரங்களின் மேல் தீப்பெட்டிகளை ஒட்டினாள். அவளுக்கு வேண்டியது கூட்ஸ் வண்டி. வீட்டுக்காரர் செபஸ்டின் ஓட்டுவது அதைத்தான்.

ஓட்டிக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். நவம்பரில் ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவர், முதுகு பிடித்துக்கொண்டது என்று படுத்தார். நாற்பத்து மூன்று நாள் ஆகிறது.

பிளாஸ்டிக் நாற்காலியே கதி. கீழே விழுந்த சோப்பை எடுக்கக்கூட அவளைத்தான் கூப்பிடுவார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். எக்ஸ்ரேவுக்கு என்ன தெரியும், படுகிறவருக்கு அல்லவா தெரியும்? ஆனி ரோஸ் தினமும் சாயங்காலம் தைலத்தைச் சூடாக்கித் தேய்த்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது முதுகு விண்ணென்று தெறிக்கிறது என்றார். அந்தப் பக்கத்து ஜன்னலையே சாத்திவிட்டாள்.

பேச்சு குறைந்தது. சிரிப்பு அடியோடு நின்றது. இஞ்சினை நினைத்து ஏங்கித்தான் மனுஷன் இப்படி வாடிப்போகிறார் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். ஜனவரி முதல் தேதி வேலைக்குப் போயாக வேண்டும். அதற்குள் அவர் பழையபடி ஆகிவிட வேண்டும். குட்டி கூட்ஸ் வண்டி ஒன்றைக் கண்ணில் காட்டினால் முகம் தெளிந்துவிடாதா?

அவரிடம் மூச்சு விடவில்லை. குடிலைச் சேலை போட்டு மூடியே வைத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளான இன்று, விளக்கு வைக்கும் நேரத்தில், சேலையை விலக்கி அவரை நாற்காலியோடு திருப்பி உட்காரவைத்தாள்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்தபடி ரயிலையே பார்த்தார்.

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

இரண்டாம் சுற்று.

தீவனத் தொட்டி காலியாக இருந்தது. பாலன் இயேசு ராத்திரிப் பூசைக்குப் பிறகுதான் அதில் வருவார். ஆனாலும் சுரூபப் பொம்மைகள் எல்லாம் தொட்டியைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். வரதராஜன்பேட்டையில் அவள் அம்மா வீட்டில் அதுதான் சட்டம். ஆடுகள் தொட்டியைப் பார்த்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் கடைசி ஆளாக இடையன். அவன் முதுகை உரசாத குறையாகத் தண்டவாளம்.

அம்மா வீட்டுப் பழைய செட் அது. இடையனுக்கு ஒரு பாதம் உடைந்திருந்தது. புல்லுக்காகக் கேழ்வரகு விதைத்த மண்ணில் அவனை ஊன்றி நிறுத்தியிருந்தாள். தினமும் தண்ணீர் தெளித்ததில் முளை திமுதிமுவென்று கிளம்பியிருந்தது. மண்ணும் இளகியிருந்தது.

மூன்றாம் சுற்றில் இடையன் மெல்லப் பின்பக்கமாகச் சாய்ந்து, தண்டவாளத்தின் குறுக்கே விழுந்தான்.

"கூ" என்று கத்திக்கொண்டே வந்த ரயில் அவனை முட்டி, இழுத்துக்கொண்டு போனது.

நாற்காலி ஒரு பக்கம் போய் விழுந்தது. செபஸ்டின் தாவினார். சோப்பை எடுக்கக் குனியமுடியாத மனுஷன், ஒரே பாய்ச்சலில் தரையில் விழுந்து, மலையைப் பிய்த்து எறிந்து, இஞ்சினை அமுக்கிப் பிடித்தார்.

ஜெயசுதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, முதுகு சரியாயிடுச்சு பாருங்க! யக்கா, ஒங்க மாதா கண்ணத் தொறந்துட்டாங்க!"

ஆனி ரோஸும் சிரிக்கத்தான் போனாள். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. முட்டி போட்டு, நெற்றி தரையில் படும் அளவுக்குக் குனிந்திருந்தார். அவள் கண் அந்த முதுகில் போய் நின்றது. நாற்பத்து மூன்று நாள் தைலம் தேய்த்த முதுகு. அதில் வலியே இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

அப்படியானால் இத்தனை நாள் எந்த வலிக்குத் தேய்த்துவிட்டாள்?

அவருடைய இடது கைக்கு அடியில் இஞ்சின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வலது கையில் இடையனின் தலை தனியாக வந்திருந்தது. அதை உடம்போடு சேர்த்து வைத்தார். நிற்கவில்லை. மறுபடியும் வைத்தார்.

ஜெயசுதாவின் சிரிப்பு நின்றுபோனது.

"அன்னைக்கு ஆடெல்லாம் தாண்டிடுச்சு, ஆனி. நான் ஹார்ன் அடிச்சிக்கிட்டேதான் வந்தேன். அந்தப் பெரியவரு திரும்பியே பாக்கல."