மதிவாணனுக்குப் பதில் இவர்

நகைச்சுவைத் தொடர் எழுதும் மதிவாணன் கதைக்காக எங்கும் அலைந்ததில்லை. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத அவரை மனைவி புனிதா திட்டுவாள். சுவரில் பதித்த கேமராக்கள் அதை அப்படியே பிடித்து, இரவு ஏழரைக்கு ஒளிபரப்பிவிடும். ‘வசனம்: மதிவாணன்’ என்று பெயர் மட்டும் அவருக்கு. மூன்று வருடங்களாக ஊரே அவள் திட்டுக்குச் சிரித்தது.

திங்கட்கிழமை காலை சேனலிலிருந்து போன் வந்தது.

“சார், புனிதா மேடம்னா ஜனங்களுக்கு உயிர். புருஷன் கேரக்டரைத்தான் யாருக்கும் பிடிக்கல. ஆளை மாத்திடலாமா?”

எழுத்தாளராகவே யோசித்துப் பழகிய மதிவாணன், “எனக்கே அந்த ஆளைப் பிடிக்கல. தாராளமா மாத்துங்க” என்றார்.

மாலை வீடு திரும்பினால், சமையலறையில் அவருடைய லுங்கியைக் கட்டிக்கொண்டு யாரோ ஒருவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். கூடத்து டிவியில் அவன் முகத்துக்குக் கீழே எழுத்து ஓடியது: ‘இனி மதிவாணனுக்குப் பதில் இவர்.’

“புனிதா! யாருடி இவன்? வெளியே போகச் சொல்லு!”

புனிதா பளபளக்கும் தட்டுகளை ஒருமுறை பார்த்தாள்.

“கத்தாதீங்க. ரெண்டு எபிசோடு பார்த்துட்டுச் சொல்றேன்.”